தண்ணி ஏற்றும் பம்பில் தண்ணியை இறக்கினோம்: பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

"அது என்னா டீச்சர், தண்ணி ஏத்துற சாமானத்துல போயி தண்ணிய எறக்கப் பாக்குறீங்க?"

பெக்டரித் தாத்தா இப்படிக் கேட்டபோது நாங்கள் நாலு பேரும் ஒரு பழைய பம்பைச் சாக்கில் சுற்றி ஓடைக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். தாத்தா தேயிலை பெக்டரியில் முப்பது வருசம் வேலை செய்தவர். இளவட்டமாக இருந்த காலத்தில் பெக்டரிக்குக் கீழே தண்ணீரில் ஓடிய 'வீலு'க்கு எண்ணெய் போட்டவர். அவர் பார்த்த வரைக்கும் கரண்ட் எடுப்பதென்றால் வீல் வேண்டும். வீல் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த டர்பைன். எங்கள் கையில் இருந்ததோ ஹட்டனில் பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கிய இரண்டு குதிரைவலு பம்பு.

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது கடைசியில் புரியும். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே, கெசல்கமு ஓயாவில் போய் விழும் சிற்றோடை ஒன்றின் கரையில் உள்ள டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஆரம்பித்தோம்

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணிநேர மின்வெட்டு. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. எங்கள் டிவிசனில் மட்டும் பதினொரு பிள்ளைகள் எழுத இருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மெழுகுவர்த்திக்கும் தட்டுப்பாடு. சாயங்காலம் ஆறரைக்குப் பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கைபேசி வெளிச்சம்தான், அதுவும் சார்ஜ் இருந்தால்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் விழும் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு, பழைய லக்ஷபானவுக்கு இறங்குகிறது. பழைய லக்ஷபான 1950இல் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்ட் கொழும்பில் எரிந்து, மலையை விட்டு வேறெங்கெல்லாமோ எரிந்து, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் லயத்துக் காம்பராக்களுக்கு வந்தது. அதுவரை குப்பி லாம்புதான். மரம் விழுந்து கம்பி அறுந்தால் இன்றைக்கும் சரிபண்ண நாலைந்து நாள் ஆகிறது.

அதனால் இலக்கைச் சிறிதாக வைத்தோம்: மின்சார சபையின் கரண்டை விட்டு விலகுவதல்ல, பிள்ளை மடுவத்துக்கும் (வேலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விடும் இடம்) கோயில் மண்டபத்துக்கும் எப்போதும் எரியும் வெளிச்சம். இரவில் படிப்பவர்கள் மண்டபத்துக்கு வரட்டும், கைபேசியை அங்கேயே சார்ஜ் பண்ணட்டும்.

முதலில் தள்ளிவைத்தவை

செய்தி பரவியதும் தம்பிமார் கைபேசியில் வீடியோ கொண்டுவந்தார்கள். காந்தத்தை வட்டமாக ஒட்டினால் தானே சுற்றுமாம், பல்பு எரியுமாம். பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் சக்திக் காப்பு பற்றிய பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அடுப்புச் சூட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் யோசனை அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. வெப்ப வித்தியாசத்திலிருந்து நேராக மின்சாரம் எடுக்க முடியும் என்று 1821இலேயே சீபெக் கண்டுவிட்டார். சுற்றும் உறுப்பு எதுவுமே வேண்டாம். அப்படிக் கரண்ட் தரும் நாலு சென்றிமீற்றர்ச் சதுர வில்லை ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை அடுப்புச் சுவரில் பதித்த அலுமினியத் தகட்டிலும் மறுபக்கத்தைத் தண்ணீர்த் தகரத்திலும் ஒட்டினோம். கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறு போட்டு எரித்தோம். மீற்றரில் வந்தது ஏறக்குறைய ஒரு வாட். ஒரு மணிநேரத்துக்கு ஒரு கிலோ மிலாறு எரிந்தால் அந்த அடுப்பு நாலு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறது. அதில் எங்களுக்குக் கிடைத்த கரண்டுக்கு ஒரு கைபேசிகூட ஒழுங்காகச் சார்ஜ் ஆகாது. தகரத்துத் தண்ணீர் சூடானதும் அந்த ஒரு வாட்டும் குறைந்தது. அந்த வில்லை இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது, வகுப்பில் காட்ட நல்ல சாமான்.

சோலார் பற்றிப் பிறகு சொல்கிறேன். வைகாசியிலிருந்து ஆவணி வரை எங்கள் மலையில் சூரியனைப் பார்க்க நாள் குறிக்க வேண்டும்.

ஓடையை அளந்தது

தண்ணீரில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்பதற்கு இரண்டு எண் போதும்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, ஒரு வினாடிக்கு எத்தனை லீற்றர். இரண்டையும் பெருக்கி, ஏறக்குறைய பத்தால் பெருக்கினால் வாட் வந்துவிடும். அதில் பாதிக்கும் குறைவுதான் நம் கைக்கு வரும்.

உயரத்துக்கு, மேலே தேங்கும் குழியிலிருந்து கீழே வரை தோட்டத்துக் குழாய்த் துண்டுகளைப் பொருத்தி நீர் நிரப்பி, அடிமுனையில் அமுக்கமானி வைத்தோம். 2.6 பார். அதாவது 26 மீற்றருக்கு மேலே கொஞ்சம்.

ஓட்டத்துக்கு, பலகையில் செங்கோண 'வி' வெட்டு ஒன்றை வெட்டி ஓடைக்குக் குறுக்கே நட்டு, இடுக்கெல்லாம் களிமண்ணால் அடைத்தோம். வெட்டில் 13 சென்றிமீற்றர் தண்ணீர் நின்றால் வினாடிக்கு 8 லீற்றருக்குச் சற்று மேல், 20 சென்றிமீற்றர் நின்றால் ஏறக்குறைய 25 லீற்றர். ஜூன் மாதத்தில் 20ஐத் தாண்டியது. பீலிக்குப் போகும் தண்ணீரில் கைவைக்கக் கூடாது என்று அக்காமார் முதல் கூட்டத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே 8 லீற்றரை மட்டும் எடுப்பதென்று முடிவு.

எட்டையும் இருபத்தாறையும் பெருக்கினால் இரண்டாயிரம் வாட். கையில் எண்ணூறு வந்தால் போதும்.

ஏன் பம்பு

இந்த அளவுக்குச் சிறிய பெல்டன் சில்லு (ஒரு வகை டர்பைன்) செய்யும் பட்டறைகள் நாட்டில் இருக்கின்றன. 1990களிலும் 2000களிலும் இரத்தினபுரி, கேகாலைப் பக்கக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் திட்டங்கள் எழுந்தது அவர்களால்தான். எங்களிடம் காசு இல்லை, அவ்வளவுதான்.

மையவிலக்குப் பம்பின் வெளிவாயால் தண்ணீரைத் தள்ளினால் உள்ளே இருக்கும் இம்பெல்லர், அதாவது இறக்கைச் சில்லு, மறுபக்கமாகச் சுற்றும். 1931இல் தோமா, கிட்ரெட்ஜ் என்ற இருவர் பம்புகளை எல்லா நிலையிலும் ஓட்டிப் பார்க்கப்போய், அவை தலைகீழாகவும் நன்றாகவே வேலை செய்வதைக் கண்டார்கள். பம்போடு ஒட்டியே மோட்டரும் வருகிறது. அந்த இன்டக்ஷன் மோட்டரை அதன் சொந்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூடச் சுற்றவைத்தால் அதுவே ஜெனரேட்டர். நிமிடத்துக்கு 1440 சுற்று என்று எழுதியிருந்தால் 1560இல் சுற்ற வேண்டும்.

எந்தப் பம்பானாலும் சரிவராது. பெயர்த்தகட்டில் உள்ள உயரமும் ஓட்டமும் பம்பாக வேலை செய்யும்போது உள்ளவை. தலைகீழாக ஓட்ட இரண்டும் கூடுதலாக வேண்டும். 60 சதவீதத் திறன் உள்ள பம்புக்கு, அதே வேகத்தில் ஓட்டம் ஒன்றரை மடங்கும் உயரம் 1.85 மடங்கும் தேவைப்படும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 1560க்கு ஏற்றால் இன்னும் கூடும். பின்னோக்கிக் கணக்குப் போட்டு, "11 மீற்றர், நிமிடத்துக்கு 300 லீற்றர்" என்ற பம்பைத் தேடினோம். இரும்புக் கடைக்காரர், "எல்லாரும் பெரிய சாமான் கேக்குறாங்க, நீங்க சின்னதா கேக்குறீங்களே" என்று சிரித்தார்.

குழாய் தின்ற உயரம்

எங்கள் முதல் பெரிய பிழை இது. தெரிந்தவர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்தில் சும்மா கிடந்த இரண்டங்குலக் குழாய் 140 மீற்றர் இனாமாகக் கிடைத்தது. பூட்டினோம். தண்ணீரைத் திறந்தோம். பம்பு சோம்பலாகச் சுற்றியது. பல்பு இழை சிவக்கக்கூட இல்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குழாயில் 8 லீற்றர் போக வேண்டுமென்றால் தண்ணீர் வினாடிக்கு மூன்று மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் உராய்வுக்கே 19 மீற்றர் போய்விடும். 26 மீற்றரில் 19ஐக் குழாயே தின்றால் பம்புக்கு என்ன மிஞ்சும்? இதே 140 மீற்றருக்கு 110 மில்லிமீற்றர்க் குழாய் போட்டால் இழப்பு ஒன்றிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் நின்றுவிடும். நான் பௌதிகவியல் படிப்பிப்பவள். பூட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய கணக்கு. இனாம் குழாய் கண்ணை மறைத்துவிட்டது.

110 குழாய்க்குக் கோயில் கணக்கிலிருந்து கடன் வாங்கினோம். முழுச் செலவில் பாதிக்கு மேல் அந்தக் குழாய்தான். பம்பு அதன் பக்கத்தில் சில்லறைக் காசு.

மோட்டர் பாஸ் வந்த நாள்

மூன்று பேஸ் மோட்டரிலிருந்து சாதாரண வீட்டுக் கரண்ட் எடுக்க ஒரு வழி உண்டு. இரண்டு கெப்பாசிட்டர், ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு. கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் இந்த மோட்டர் சும்மா சுற்றுமே தவிர வோல்ட் தராது. ஹட்டனில் மோட்டர் சுற்றிக் கொடுக்கும் பாஸ் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டித் தந்தார்.

முதல் தடவை வோல்ட் வந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் மோட்டரில் கை வைக்க முடியாத சூடு. பாஸ் தலையைச் சொறிந்தார், பிறகு சுற்றும் திசையைப் பார்த்தார். "ஐயோ டீச்சர், இது மத்தப் பக்கம்தானே சுத்துது. பெரிய கெப்பாசிட்டர் இடம் மாறணும்." இரண்டு வயரை மாற்றினார். சூடு அடங்கியது. மீற்றரில் 230 வோல்ட், 780 வாட்.

தாத்தா அன்று பிள்ளை மடுவத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். பல்பு எரிந்ததும், "சத்தம் மட்டும் நம்ம வீல் மாதிரி இல்ல" என்றார். பாராட்டென்று எடுத்துக்கொண்டோம்.

எரிந்த பல்புகளும் கோயில் கேத்தலும்

இப்படி ஓடும் ஜெனரேட்டருக்கு வேகக் கட்டுப்பாடு கிடையாது. தண்ணீர் ஒரே அளவில் தள்ளிக்கொண்டே இருக்கும். எடுக்கும் கரண்ட் குறைந்தால் வேகம் கூடும், வோல்ட் ஏறும். நான் இதைச் சொல்லித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் மடுவத்து ஆயாம்மா, "பகல்ல எதுக்கு லைட்டு வீணா எரியுது" என்று சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியில் எரிந்துகொண்டிருந்த பல்புகள் பளீரென்று வெளுத்து வெடித்தன. மொத்தம் பதினொன்று. ஆயாம்மாவைக் குறைசொல்ல எதுவுமில்லை. கரண்டைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

அதற்குப் பிறகு பாஸ் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து தந்தார். வெளிச்சத்துக்குப் போகாத மிச்சத்தை எல்லாம் அது ஒரு சூடாக்கும் கம்பிக்கு அனுப்பும். அந்தக் கம்பியை 200 லீற்றர் பீப்பாயில் இறக்கினோம். ஜெனரேட்டருக்கு எப்போதும் ஒரே சுமை, பல்பு போட்டாலும் சரி, அணைத்தாலும் சரி.

நாங்கள் பெரிதாக நினைக்காத இந்தப் பீப்பாய்தான் கடைசியில் ஊருக்குப் பிடித்த சாமான் ஆனது. நாளொன்றுக்கு 18 யூனிட்டுக்கு மேல் வருகிறது. வெளிச்சமும் சார்ஜும் நாலைந்துக்கு மேல் எடுப்பதில்லை. 200 லீற்றர்த் தண்ணீரை 15 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடாக்க ஒன்பது யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். காலையில் ஏழு மணிக்குக் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் குழந்தையை மடுவத்தில் விடும்போது அங்கே சுடுதண்ணீர் தயாராக இருக்கும். மார்கழிக் குளிரில் கைக்குழந்தையை என்ன செய்வதென்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். விறகும் மிச்சம்.

அடுத்த விபத்து கோயிலில். திருவிழா அன்று யாரோ மண்டபத்தில் கேத்தலைச் செருகினார்கள். ஒரு கேத்தல் எங்கள் முழு ஜெனரேட்டரைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். வோல்ட் அப்படியே விழுந்தது. எரிந்து போகவில்லை, அது நல்லது. ஆனால் கேத்தலைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் திரும்பவில்லை. பம்பு ஜோராகச் சுற்றுகிறது, மீற்றரில் பூச்சியம். மோட்டரின் இரும்பில் எஞ்சியிருக்கும் கொஞ்சக் காந்தத்தை வைத்துத்தான் இந்த ஜெனரேட்டர் உயிர் பிடிக்கிறது. சுமை தாங்காமல் விழும்போது அந்தக் காந்தமும் அழிந்துவிட்டது. பம்பை நிறுத்தி, முச்சக்கர வண்டியின் 12 வோல்ட் பெட்டரியை வைண்டிங்கில் சில வினாடி தொட்டு எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். வந்துவிட்டது. அந்த முச்சக்கர வண்டிக்காரத் தம்பி இப்போது இந்த வேலையில் நிபுணர். பூசாரி ஐயாவும் மண்டபத்துச் சுவரில் 'கேத்தல் பாவிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டார்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலிருந்தே விட்டுக்கொடுக்கவில்லை: மின்சார சபையின் கம்பியோடு எங்கள் கம்பி எங்கேயும் தொடாது. மின்வெட்டு நேரத்தில் எங்கள் கரண்ட் அந்தக் கம்பியில் ஏறினால், மேலே வேலை செய்யும் ஆளின் உயிர் போகும். இரண்டுக்கும் தனித்தனி வயர், தனித்தனி பிளக்.

தண்ணி இல்லாத மாசி

ஜூலை முதல் டிசம்பர் வரை, இலை அடைப்பைத் தவிரக் கரைச்சல் இல்லை. யூகலிப்டஸ் இலைதான் பெரிய எதிரி. குழாய் வாயில் உள்ள அரிகம்பியில் கம்பளம்போல் ஒட்டிக்கொள்ளும், நாளுக்கு இரண்டு தடவை வழிக்க வேண்டும்.

பெப்ரவரியில் ஓடை இளைத்தது. 'வி' வெட்டில் தண்ணீர் மிகவும் இறங்கியதால், 200 லீற்றர்ப் பீப்பாயைப் பிடித்து நேரம் பார்த்தோம். நிறைய 55 வினாடி. வினாடிக்கு 3.6 லீற்றர். பாதிக்கும் குறைவு.

பாதித் தண்ணீருக்குப் பாதிக் கரண்ட் வரும் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். ஒன்றுமே வரவில்லை. பம்பை டர்பைனாக ஓட்டுவதில் உள்ள அடிப்படைக் குறை இது. உண்மையான டர்பைனில் தண்ணீரின் அளவுக்கு ஏற்பத் திறந்து மூட ஒரு வாய் இருக்கும். தாத்தா தன் வீலைப் பற்றிப் பேசும்போது கையைத் திருப்பிக் காட்டுவாரே, அந்த வாய்தான். பம்பில் அது இல்லை. ஒரே ஓட்டத்துக்குச் செய்த சாமான். அதற்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் வேகத்துக்கே வராது.

தாங்கி கட்டிப் பகலில் சேர்த்து இரவில் மூன்று மணிநேரம் ஓட்டலாமா என்று பார்த்தோம். ஓடையிலிருந்து வருவது போக ஏறக்குறைய 48 ஆயிரம் லீற்றர் சேர்க்க வேண்டும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி நாற்பத்தெட்டு. கூட்டத்தில் யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

இங்கேதான் சோலார் உள்ளே வந்தது. ஓடை காய்கிற அதே மாசி, பங்குனியில்தான் எங்கள் மலையில் வெயில் அடிக்கிறது. மொத்தம் 500 வாட் வரும் இரண்டு பழைய பலகையும் ஒரு பெட்டரியும் வாங்கினோம். பெப்ரவரியில் நாளுக்கு இரண்டு யூனிட்டளவில் தருகிறது. அதே பலகை ஜூலை மூடுபனியில் அரை யூனிட்டைத் தொடுவதில்லை. மண்டபத்து வெளிச்சத்துக்கு இரண்டு யூனிட் போதும். சுடுதண்ணீருக்குப் போதாது. அந்த இரண்டு மாதமும் மடுவத்தில் மறுபடி விறகுதான். பீப்பாய் ஆறியிருப்பதைப் பார்த்து அம்மாமார் என்னிடம் கேட்கும் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

யாருடைய ஓடை

இயந்திரக் கோளாறுகளை எழுதுவது சுலபம். மற்றதை எழுதுவதுதான் கடினம்.

குழாய் போகும் நிலம் லயத்தாருடையதல்ல. ஓடைக்கரையும் அல்ல. ஆரம்பத்தில் இருந்த தோட்டத் துரை நல்ல மனிதர், "செய்ங்க, பிரச்சின வந்தா சொல்லுங்க" என்றார். அது வாய்ப்பேச்சு. அவர் மாறிப்போனார். அடுத்து வந்தவர் எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எதுவுமில்லை. மூன்று வாரம் பம்பு நின்றது. பிறகு தலைவர்மார் பேசி, 'தற்காலிகமாக' என்ற சொல்லோடு ஒரு கடதாசி வாங்கி வந்தார்கள். அந்தச் சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. தோட்டத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான்.

எங்களைப்போல் யாராவது செய்ய நினைத்தால் என்னிடம் முதலில் பம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கடதாசியைப் பற்றிக் கேட்கிறேன், இரண்டாவது பெப்ரவரியில் ஓடையை அளந்தீர்களா என்று. ஜூனில் அளந்து ஆசைப்பட்டவர்கள் நாங்கள். கையில் காசு இருந்தால், தண்ணீர் வருசம் முழுக்க ஏறி இறங்கும் இடத்தில், பம்பை விட்டுவிட்டு ஒழுங்கான சிறு டர்பைனையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மாறாத ஓட்டம் உள்ள இடத்துக்குப் பம்பு பொன்னான சாமான்.

இப்போதைய நிலை

பேரிங் இரண்டு தடவை மாற்றியாயிற்று. பழைய சீல் வழியாகத் தண்ணீர் கசிந்து மோட்டர்ப் பக்கம் போனதால் ஒரு தடவை வைண்டிங்கும் சுற்றினோம். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதம் என்று மின்கட்டணம் ஏறிய காலத்தில், கோயிலின் லைட் பில் அநேகமாக அப்படியே இருந்ததைப் பொருளாளர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். குழாய்க்கு வாங்கிய கடனில் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

அரிகம்பியை வழிக்கும் வேலையைச் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளில் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அவள் ஒரு சிஆர் கொப்பியில் தினமும் 'வி' வெட்டின் அளவை எழுதி வருகிறாள். சென்ற வாரம் அவள் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்புப் போட்டிருந்தாள்: குழாய் போகும் சரிவில் வீட்டுத் திட்டத்துக்கு நிலம் அளந்து முளைக்குச்சி அடித்திருக்கிறார்கள், ஏழு பேர்ச்சஸ் துண்டு இரண்டுக்கு நடுவே எங்கள் 110 குழாய் போகிறது. அந்த இரண்டு துண்டில் ஒன்று அவள் வீட்டாருக்கு.